எஃப்ராட்டா க்ளாய்ஸ்டர்: வழக்கமான சுற்றில் வராத அந்தக் குன்று

பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் போகிற நம்மவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் குதிரை வண்டி, பண்ணை வீட்டுச் சாப்பாடு, திரும்பும் வழியில் அவுட்லெட் கடை. லான்காஸ்டர் நகரிலிருந்து வடக்கே அரை மணி நேர கார் தூரத்தில், கொக்காலிகோ ஓடைக்கரையில் இருக்கும் எஃப்ராட்டா க்ளாய்ஸ்டர் அந்தப் பட்டியலில் அபூர்வமாகத்தான் ஏறும். தமிழ் பைபிளில் எப்பிராத்தா என்று வரும் பெயர்தான் இது. 1732-இல் கான்ராட் பைசல் என்ற ஜெர்மானியர் தொடங்கிய மடம். 1941-இலிருந்து பென்சில்வேனியா மாநில அரசின் கையில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். துறவிகள் எப்படித் தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பாடினார்கள் என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவில் இதற்கு இணையான இடம் குறைவு. ஆனால் ஆயுதம் தொடமாட்டோம் என்று சொன்ன ஒரு கிராமத்தின் மேல் போர் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதைப் பார்க்க வேண்டுமென்றால், வழக்கமான சுற்று பாதி தூரம்தான் கொண்டுபோய் விடும். மீதியை நீங்களே நடந்து, நீங்களே கேட்டு வாங்க வேண்டும். அதற்கான குறிப்புகள்தான் இவை.

வரவேற்பு மையத்தில் டிக்கெட், ஒரு சிறு அறிமுகப் படம், காட்சிக்கூடம். படத்தைத் தவிர்க்காதீர்கள். அதைப் பார்க்காமல் உள்ளே போனால் இவர்கள் ஆமிஷா, கத்தோலிக்கத் துறவிகளா என்ற குழப்பம் கடைசி வரை தீராது. இரண்டும் இல்லை. முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கும் டங்கர் மரபிலிருந்து பிரிந்து, சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்துக்கொண்ட கூட்டம் இது. மணம் செய்யாத ஆண்களும் பெண்களும் தனித்தனிக் கட்டடங்களில் இருந்தார்கள். குடும்பஸ்தர்கள் சுற்றியிருந்த பண்ணைகளில் இருந்தார்கள். 1750 வாக்கில், உச்சத்தில், எல்லோரையும் சேர்த்து ஏறத்தாழ 300 பேர்.

அடுத்தது வழிகாட்டியோடு போகும் சுற்று. சால் என்னும் தொழுகைக் கூடத்துக்கும் (1741), அதை ஒட்டிய சாரோன் என்னும் சகோதரிகள் இல்லத்துக்கும் (1743) உள்ளே போக இதுதான் வழி. வாசல்கள் தாழ்வு, நடைகள் ஒடுக்கம். ‘இடுக்கமான வாசல்வழியாய் உட்பிரவேசியுங்கள்’ என்ற வசனத்தைத் தச்சனிடம் கொடுத்துக் கட்டச் சொன்னதுபோல் இருக்கும். உயரமானவர்கள் நெற்றியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். படுக்கை என்பது 15 அங்குல அகலப் பலகை, தலையணை என்பது ஒரு மரக்கட்டை. இரவு 9 மணிக்குப் படுத்து 12-க்கு எழுந்து இரண்டு மணி நேர ஜெபம், பிறகு 2 முதல் 5 வரை மறுபடி தூக்கம். நாளுக்கு ஒரே முறை, மாலையில், இறைச்சி இல்லாத சாப்பாடு. வழிகாட்டிகளுக்கு இந்தப் பகுதி தலைகீழ்ப் பாடம். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும் இடமும் இதுதான்.

சாரோன் முதலில் சகோதரிகளுக்காகக் கட்டியது அல்ல. மண வாழ்க்கையை விட்டுவிட்டு வரத் தயாரான தம்பதிகளுக்காகக் கட்டினார்கள். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1745-இல் உள்ளமைப்பை மாற்றிச் சகோதரிகளுக்குக் கொடுத்தார்கள். சொல்லாமல் விட்டால் கேளுங்கள். கட்டடத்தின் அறை அமைப்பு அப்போதுதான் புரியும்.

இனி போருக்கு வருவோம். சிக்கல் கட்டடங்களிலேயே இருக்கிறது. சுற்றில் காட்டப்படும் இரண்டு வீடுகளும் 1740-களின் கதையைச் சொல்பவை. பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர் காலத்தில் படை மருத்துவமனையாக இருந்த வீடு குன்றின் மேல் இருந்தது. அது இன்று இல்லை. இல்லாத வீட்டுக்குள் யாரைக் கூட்டிப்போவது? அதனால் போர் என்பது சுற்றின் கடைசியில் இரண்டு வாக்கியமாகச் சுருங்கிவிட எல்லா வாய்ப்பும் உண்டு.

எஃப்ராட்டாவின் போர்க் கதையைப் புரிந்துகொள்ள முதலில் நிற்க வேண்டிய இடம் அச்சகம். 1740-களில் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் மோதல் முற்றியபோது, பென்சில்வேனியாவின் மென்னோனைட் (ஆயுதம் ஏந்தாத ஒரு கிறிஸ்தவப் பிரிவு) விவசாயிகளுக்கு ஒரு கவலை வந்தது. ‘தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்’ என்ற வார்த்தைக்காக ஐரோப்பாவில் செத்துப்போன முன்னோர்களின் வரலாறு டச்சு மொழியில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஜெர்மன்தான் தெரியும், நாளை படைக்கு ஆள் கேட்டால் இவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்ற கவலை. ஆம்ஸ்டர்டாமுக்கு எழுதிப் பார்த்தார்கள், உதவி கிடைக்கவில்லை. கடைசியில் எஃப்ராட்டா சகோதரர்களிடம் வந்தார்கள். அவர்களில் ஒருவரான பீட்டர் மில்லர் மொழிபெயர்த்தார். 15 பேர், மூன்று ஆண்டு உழைப்பு, மடத்தின் சொந்த ஆலையில் செய்த காகிதம். 1748-49-இல் 1,500 பக்க அளவில் ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ ஏறத்தாழ 1,300 பிரதிகள் வெளிவந்தது. அமெரிக்கக் காலனிகளில் அதுவரை அச்சான புத்தகங்களிலேயே பெரியது இது.

அந்தக் காலத்தில் அச்சான தாள்களை மொத்தமாகக் கட்டிப்போடுவது இல்லை. வாங்குபவர் வரும்போது கட்டிக் கொடுப்பார்கள். அதனால் விற்காத பிரதிகள் தைக்காத தாள் அடுக்குகளாகக் கிடந்தன. 1776-இல் அமெரிக்கப் படை அந்த அடுக்குகளைக் கைப்பற்றியது. எதற்கு? தோட்டா சுற்ற.

இதை வெறும் அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். அன்றைய மஸ்கெட் துப்பாக்கிக்குக் காகிதம் ஒரு போர்த்தளவாடம். ஒரு குச்சியைச் சுற்றிக் காகிதத்தை உருட்டி, அடியில் ஈயக் குண்டை வைத்து நூலால் கட்டி, மேலே அளந்த மருந்தைக் கொட்டி, வாயை முறுக்கிவிடுவார்கள். சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சம் மருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணியில் போட்டு, மீதியைக் குழலில் கொட்டி, குண்டையும் அதே காகிதத்தையும் சேர்த்து இடித்து இறக்குவான். காகிதம் இல்லையென்றால் சுடும் வேகம் பாதியாகிவிடும். பிரிட்டனிலிருந்து காகிதம் வருவது நின்றிருந்தது. உள்ளூர் ஆலைகள் கொஞ்சம், அவற்றுக்கு வேண்டிய கந்தல் துணியோ அதைவிடக் கொஞ்சம். அந்த நிலையில், கந்தலில் செய்த உறுதியான கைக்காகிதம் ஆயிரக்கணக்கான தாள் ஓரிடத்தில் கிடந்தால் படைத்தளவாடக்காரன் விடுவானா? கொல்லமாட்டோம் என்பதற்காக அச்சடித்த தாள் குண்டைச் சுற்றிப் போயிற்று. எஞ்சியதில் ஒரு பகுதி பின்னால் மீட்கப்பட்டு, கட்டப்பட்டு, மென்னோனைட் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதேபோன்ற இன்னொரு கதையும் உண்டு. ஜெர்மன்டவுனில் கிறிஸ்டாஃப் சாவர் என்ற டங்கர் அச்சகக்காரரின் 1776 ஜெர்மன் பைபிள் தாள்களும் தோட்டாவுக்குப் போனதாகச் சொல்வார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுபவர்கள் நிறைய. ஊர் வேறு, புத்தகம் வேறு, அச்சகமும் வேறு. சாவரின் சொத்து 1778-இல் பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்தில் போனது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

அச்சகக் கட்டடத்திலிருந்து குன்றுக்குப் போகும் முன், சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ‘நடுநிலை’ என்றதும் எந்தப் பக்கமும் சேராமல் வேலியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ற எண்ணம் பலருக்கு வரும். பென்சில்வேனியாவில் அந்த வேலிக்குக் கட்டணம் உண்டு. 1775 நவம்பரில், படைப் பயிற்சிக்குச் சேராத ஆண்கள் மேல் ஆண்டுக்கு 2 பவுண்டு 10 ஷில்லிங் விதித்தார்கள். சில மாதங்களிலேயே அது 3 பவுண்டு 10 ஷில்லிங் ஆனது. அதே நவம்பரில் மென்னோனைட்டுகளும் டங்கர்களும் சட்டமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள்: பசித்தவனுக்குச் சோறு போடுவோம், வரி கட்டுவோம், மனித உயிரைப் பறிக்கும் எதற்கும் கைகொடுக்க மனசாட்சி இடம் தராது என்பது அதன் சாரம்.

1777 ஜூனில் வந்த உறுதிமொழிச் சட்டம் இதைவிடக் கடுமை. மன்னருக்கான விசுவாசத்தைத் துறந்து புதிய மாநிலத்துக்கு விசுவாசம் சொல்ல வேண்டும். சொல்லாதவர் வாக்களிக்க முடியாது, பதவி வகிக்க முடியாது, ஜூரியில் உட்கார முடியாது, கடனுக்கு வழக்குப் போட முடியாது, நிலம் வாங்கவோ விற்கவோ முடியாது. கடைசி இரண்டும் விவசாயிக்கு எங்கே வலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்’ என்ற வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர்களுக்குச் சத்தியம் என்ற வடிவமே தடை. ஆனால் தடை அதோடு முடியவில்லை. மன்னருக்கு அடங்கி நடப்போம் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறோம். யார் ஜெயிப்பார்கள் என்று கடவுள் காட்டும் முன் அதை எப்படித் திரும்பப் பெறுவது? இதுதான் அவர்கள் வாதம். இதை மன்னர் பக்தி என்று பக்கத்து வீட்டுத் தேசபக்தர்கள் படித்ததில் வியப்பில்லை. காட்சிக்கூடத்தில் இந்தச் சட்டங்களுக்கென்று ஒரு சுவர் ஒதுக்கினால் நன்றாக இருக்கும் என்பது எங்கள் கருத்து. வந்து பார்க்கிறவர்களுக்கு அபராதத் தொகையைச் சொன்னால் பலகைப் படுக்கையைவிட அது மனதில் நிற்கும்.

இப்போது குன்று. சீயோன் மலை என்று பெயர். மலை என்று பயந்துவிட வேண்டாம், பத்து நிமிடச் சரிவு. ஆனால் மழை பெய்த மறுநாள் வழுக்கும், சாதாரணச் செருப்பு சரிவராது.

1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை ஃபிலடெல்ஃபியாவைப் பிடித்தது. காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் எதிரிக்கு எட்டாத உள்நாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பெரிய கட்டடங்கள் யாரிடம் இருந்தன? கூட்டாக வாழ்ந்த மதக் குழுக்களிடம். எஃப்ராட்டாவில் அவை கிட்டத்தட்டக் காலியாகவும் இருந்தன. பைசல் 1768-இலேயே இறந்துவிட்டார், புதிதாகத் துறவுக்கு யாரும் வரவில்லை, இருந்தவர்கள் கிழடு தட்டியவர்கள். 1777-78 குளிர்காலத்தில் ஏறத்தாழ 260 சிப்பாய்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 60 பேர் அளவில் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது குண்டு அல்ல, முகாம் காய்ச்சல் என்று அன்று சொன்ன டைஃபஸ். பேன் வழியாகப் பரவும் நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்து, ஒரே கம்பளியை மாற்றி மாற்றிப் போர்த்தி, தாழ்ந்த கூரைக்குக் கீழே நெருக்கிப் படுக்கவைத்தார்கள். நோய்க்கு இதைவிட வசதி செய்துகொடுக்க முடியாது. பணிவிடை செய்த உள்ளூர்க்காரர்களையும் அது விட்டுவைக்கவில்லை. படை போன பிறகு, தொற்றுக்குப் பயந்து அந்தக் கட்டடங்களையே இல்லாமல் ஆக்கினார்கள்.

மேலே இன்று இருப்பது கல்லறைத் தோட்டமும் 1902-இல் திறந்த நினைவுத்தூணும். நினைவுத்தூண் பிராண்டிவைன் போரைப் பேசும். 1777 செப்டம்பர் 11-இல் நடந்த அந்தப் போரிலிருந்து நேராக நூற்றுக்கணக்கான காயம்பட்டவர்கள் இங்கே வந்தார்கள் என்பது ஊரில் வழங்கும் பேச்சு. வந்தவர்களில் பெரும்பாலோர் குளிர்காலத்தில் வேறு மருத்துவமனைகளிலிருந்து மாற்றப்பட்ட நோயாளிகள் என்று வைத்துப் படித்தால்தான் எண்ணிக்கையும் காய்ச்சலும் பொருந்தும். ஆயுதத்தைத் தொடாதவர்களின் ஜெபக் குன்றில் இன்று மிச்சமிருக்கும் பெரிய கல், சிப்பாய்களுக்கானது. பைசல், மில்லர் இருவரின் கல்லறைகளும் கீழே, மடத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில் எளிமையாக இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது அவசியம்.

இங்கே கேட்கக் கிடைக்கும் இரண்டு கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். ஒன்று, பீட்டர் மில்லர் தன் முகத்தில் துப்பிய பகைவன் ஒருவனின் தூக்குத் தண்டனையை ரத்து செய்யக் கேட்டு, பனியில் நடந்தே வாஷிங்டனிடம் போனார் என்பது. ‘உன் நண்பனுக்கு மன்னிப்பில்லை’ என்றாராம் வாஷிங்டன். ‘நண்பனா, என் பரம விரோதி’ என்றாராம் மில்லர். பிரசங்கத்துக்கு அருமையான கதை, ஆவணத்தில் நிற்காது. மற்றது, சுதந்திரப் பிரகடனத்தை அவர் ஏழு மொழிகளில் பெயர்த்தார் என்பது. இதற்கும் சான்று கிடையாது. மில்லருக்கு இவை தேவையும் இல்லை. 1,500 பக்கத்தைப் பெயர்த்த மனுஷன்.

எக்கர்லின் சகோதரர்களைப் பற்றி மட்டும் கட்டாயம் கேளுங்கள். மடத்தின் ஆலைகளையும் வியாபாரத்தையும் பெரிதாக்கியவர்கள். பைசலோடு மோதி 1745-இல் வெளியேறினார்கள். அவர்களில் சிலர் மேற்கே காட்டுக்குள் போய், இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் சீட் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். பிரெஞ்சு-இந்தியப் போர் (வட அமெரிக்காவில் பிரிட்டனுக்கும், பூர்வகுடிகளின் துணையோடு பிரான்ஸுக்கும் நடந்த போர்) மூண்டபோது, ஆயுதமில்லாமல் எல்லைக் காட்டில் நிம்மதியாக இருக்கிறார்களே, பிரெஞ்சுக்காரனின் ஒற்றர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆங்கிலேயர் பக்கம் சந்தேகம். 1757-இல் பிரெஞ்சு தரப்புப் படை வந்து சகோதரர்களில் இஸ்ரவேல், காபிரியேல் என்ற இருவரைப் பிடித்துக்கொண்டு போனது. இருவரும் திரும்பவே இல்லை. ஒரு தரப்புக்கு ஒற்றன், மறு தரப்புக்குக் கைதி. நடுநிலை என்ற சொல்லின் விலையை இந்தக் குடும்பத்தைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இந்த மடத்தில் இல்லை. ஆனால் இவர்களை நிர்வாகச் சண்டையோடு முடித்துவிடுவதுதான் வழக்கம்.

மதியத்துக்குப் பிறகு நேரம் இருந்தால் சுமார் 8 மைல் தள்ளியிருக்கும் லிட்டிட்ஸுக்கு வண்டியை விடுங்கள். அது மொரேவியன் என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் சபையின் ஊர். அங்கே 1759-இல் கட்டிய சகோதரர்கள் இல்லத்தைப் படை 1777 டிசம்பரிலிருந்து 1778 ஆகஸ்ட் வரை மருத்துவமனையாக வைத்திருந்தது. டாக்டர் வில்லியம் பிரவுன் 1778-இல் வெளிவந்த படைக்கான மருந்துக் கையேட்டைத் தொகுத்தது இங்கேதான். அமெரிக்காவின் முதல் மருந்தியல் நூல் அது: லத்தீனில், 32 பக்கம், கிடைக்கிற சரக்கை வைத்து மருந்து செய்வது எப்படி என்ற நோக்கத்தில் எழுதியது. முற்றுகைக் காலத்துச் சமையல் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு ஊரையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு பிடிபடும். எஃப்ராட்டாவினர் முழு அகிம்சைக்காரர்கள். மொரேவியன்கள் அவ்வளவு கறார் இல்லை. 1755-இல் எல்லையில் அவர்களுடைய மிஷன் கிராமம் தாக்கப்பட்ட பிறகு, பென்சில்வேனியாவில் தங்கள் ஊரான பெத்லெகேமில் வேலி அடித்துக் காவல் போட்டார்கள். படைச் சேவையும் பிரமாணமும் வேண்டாம் என்பதே அவர்கள் கோரிக்கை. ‘அமைதி மதங்கள்’ என்று எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டும் பலகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் அதனால்தான் கவனமாகப் படிக்கச் சொல்கிறோம். இந்த மொரேவியன்கள் நமக்கு அந்நியர்களும் அல்ல. அதே சபையின் சகோதரர்கள் 1760-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, ஊருக்கு வெளியே தோட்டம் போட்டு, நிக்கோபாருக்குப் போக அதைத் தளமாக வைத்திருந்தார்கள்.

நடைமுறைக் கணக்கு: வரவேற்பு மையத்துக்கு அரை மணி, வழிகாட்டிச் சுற்றுக்கு ஒரு மணி, அச்சகம், பைசல் வீடு, ரொட்டிச் சூளை வீடு, 1837-இல் கட்டிய பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரு மணி, குன்றுக்கு முக்கால் மணி. மொத்தம் மூன்றே கால் மணி நேரம் ஒதுக்காமல் போகாதீர்கள். குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் குறையும், கிளம்பும் முன் இணையதளத்தைப் பாருங்கள். வழிகாட்டிச் சுற்றுக்கு நேரம் குறித்திருப்பார்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குள் குன்றை முடித்துவிடலாம், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் பழைய வீடுகளின் படிகளையும் ஒடுக்கத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தொழுகைக் கூடமும் காட்சிக்கூடமும் போதும். டிசம்பரில் லாந்தர் வெளிச்சத்தில் நடக்கும் நாடகச் சுற்றும், இந்த மடத்தின் பாடல்களையே பாடும் சேர்ந்திசைக் குழுவின் நிகழ்ச்சியும் தனி டிக்கெட், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மதிப்பெண் என்று கேட்டால், துறவு வாழ்க்கையைக் காட்டும் விதத்துக்கு ஐந்துக்கு நாலரை, போரைக் காட்டும் விதத்துக்கு மூன்று. மையம் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே சீயோன் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். இறங்கி வந்து வழிகாட்டியைப் பிடித்து, அந்த மருத்துவமனையைப் பற்றிக் கேட்க அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும்.